குதிரைகளை நான் தூக்கி வைக்கவில்லை

காலைத் தேநீரோடு எனக்கு ஒரு பொறை வேண்டும். அது ஊறி, உடைந்து, குவளைக்குள் விழுவதற்கு முன்னால் வாய்க்குள் சேர்ந்துவிட வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் தவறாமல் கடைப்பிடித்துவரும் ஒழுங்கு இது ஒன்றுதான் என்று என் மனைவி பிரகதாம்பாள் சொல்வாள். அது முழு உண்மை அன்று. பொறை தீர்ந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்து, ஊரார் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துப் பொருள் சொல்வேன். வங்கிக் கடிதம், வட்டாட்சியர் அலுவலக அறிவிப்பு, மருத்துவமனை அறிக்கை, எதுவானாலும் சரி. அதற்காக எவரிடமும் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, எஸ்.ஐ. அம்மா. நீங்கள் கேட்கவிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறது.

என் பெயர் அறிவுச்செல்வன். செம்பாறைப்பட்டித் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தந்தையார் மேடைதோறும் பகுத்தறிவு பேசியவர். அதனால் வாய்த்த பெயர் இது. இந்த வயது வரையில் எந்தத் தெய்வத்துக்கும் ஒரு தேங்காய்கூட நான் நேர்ந்துகொண்டதில்லை. ஒப்பந்தக்காரர் ஆனந்தராஜ் உங்களிடம் கொடுத்திருக்கும் புகாரில், அய்யனார் கோயில் வழியை மறித்து மண்குதிரைகளைச் சூழ்ச்சியாக நிறுத்தியவன் நான் என்று எழுதியிருக்கிறாராம். அவர் நல்ல மனிதர். புகாரில் ஒரு சிறு திருத்தம் மட்டும் தேவைப்படுகிறது. குதிரைகளை நான் தூக்கி வைக்கவில்லை. எனக்கு முதுகுவலி.

உங்கள் பேச்சில் நாகர்கோவில் பக்கத்து வாடை இருக்கிறது. ஆகையால் எங்கள் ஊர் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே ஒரு சரிவு. சரிவு முழுவதும் காடு. அதன் அடிவாரத்தில் அய்யனார் கோயில்; அதைச் சுற்றி வீரையும் காசானும் உலக்கைப்பாலையும் அடர்ந்த கோயில் காடு. அதற்குக் கீழே கண்மாய். சரிவில் பெய்யும் மழையை மேற்காடு பிடித்துக்கொள்ளும். பிடித்ததைக் கோயில் காடு மெதுவாகக் கசியவிடும். கசிந்தது கண்மாய்க்கு வரும். எங்கள் சோறு அந்த நீர்வரத்தில்தான் வேகிறது. கோயில் காட்டிலிருந்து எவரும் ஒரு சுள்ளியைக்கூட எடுக்க மாட்டோம். உள்ளே நிற்கும்போது பல்லில் ஏதாவது சிக்கிக்கொண்டால் வெளியே வந்துதான் ஈர்க்குச்சி தேட வேண்டும்.

இனிக் குதிரைகள். ஒருவருக்குத் துன்பம் வந்து நீங்கினால் அய்யனாருக்கு மண்குதிரை வைப்பதாக நேர்ந்துகொள்வது வழக்கம். அவர் கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளிக் குயவரான வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் பிடிமண் என்று பெயர். வேளார் குதிரை செய்து, சுட்டு, வண்ணம் பூசி, கண்ணைத் துணியால் கட்டிவிடுவார். ஊர் கூடி அதைச் சுமந்து வந்து, வரிசையின் கடைசியில் நிறுத்தும். பிறகுதான் துணியை அவிழ்த்துக் கண் திறப்பார்கள். கண் திறந்த குதிரையை அதன்பின் அசைக்கக் கூடாது. காது உடையட்டும், கால் ஒடியட்டும், நின்ற இடத்திலேயே அது மண்ணோடு மண்ணாக வேண்டும். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மரியாதை உண்டு.

ஆனந்தராஜ் அந்தச் சரிவைக் குத்தகைக்கு எடுத்தார். காட்டை வெட்டிவிட்டுக் காகித ஆலைக்குத் தைலமரம் நடுவது திட்டம். மழைநீர் கீழே ஓடாமல் மரத்துக்கே நிற்கும்படி சரிவெங்கும் வரப்புக் கட்டுவதும் திட்டத்தில் அடக்கம். பக்கத்து ஊரில் இப்படித்தான் நட்டார்கள். இப்போது அங்கே கண்மாய்க்குள் இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆடுகளம் நன்றாக இருக்கிறது என்று கேள்வி. நாங்கள் திங்கட்கிழமைதோறும் மனுக் கொடுத்தோம். குத்தகைக் காகிதங்கள் சட்டப்படி சரியாக இருப்பதாகப் பதில் வந்தது. நானும் படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. ஆனந்தராஜே எங்கள் பெஞ்சுக்கு வந்து எல்லோருக்கும் தேநீர் சொன்னார்.

"தண்ணிக்கு என்ன சார் கவலை? நானே ஒரு போர் போட்டுத் தாரேன்" என்றார்.

என் நண்பர் அய்யாக்கண்ணு அவருடைய தேநீரை வாங்கி, ஆற்றி, ரசித்துக் குடித்துவிட்டுக் கேட்டார்: "போர் போடுவீங்க சரி. அதுக்குள்ள தண்ணிய ஆரு ஊத்துறது? நீங்களா, ஒங்க மாமனாரா?"

அய்யாக்கண்ணு எங்கள் ஊரின் சிரிப்பு. ஏர் ஓட்டும்போதுகூடத் தம் செவலைக் காளைக்கும் மயிலைக் காளைக்கும் வம்பு பேசிக்கொண்டே ஓட்டுவார். டிராக்டர் வந்து எத்தனையோ காலமாகியும், "அது நான் பேசுனா திரும்பிப் பாக்காதே" என்று சொல்லிக் காளைகளை விடாமல் வைத்திருந்தவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரிவுக்கு லாரி போக ஒரே வழிதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கண்மாய். நடுவே கோயிலை ஒட்டிய பாதை. அந்த வாரத்தில் அழகம்மாளின் வெள்ளாடு காணாமல் போனது. அவள் ஒரு குதிரை நேர்ந்துகொண்டாள். ஆடு தானாகவே திரும்பி வந்தது. அதற்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தயவுசெய்து இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். குதிரை வந்தது. வரிசை ஏற்கெனவே நீளமாக இருந்ததால் புதுக்குதிரை பாதையோரத்தில் நின்றது. மறுநாள் முதல் லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கினார், செருப்பைக் கழற்றினார், லாரியின் பக்கக் கண்ணாடிக்கும் குதிரையின் மூக்குக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்புறமாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனந்தராஜ் அடுத்ததாக ஒரு வடமாநில ஓட்டுநரைக் கொண்டுவந்தார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது, அய்யனாரையும் தெரியாது. ஆனால் குதிரையைக் கண்டதும் கைகூப்பிவிட்டு அவரும் பின்புறமாகவே போனார். கண்மாய்க் கரையில் நின்று நான் இரண்டையும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கடினமான கணக்கு ஒன்று திடீரென்று நேராகும்போது பிள்ளைகள் முகத்தில் ஓர் ஒளி வரும். அன்று என் முகத்தில் அது வந்திருக்க வேண்டும்.

ஆனந்தராஜ் ஓட்டுநர்களைத் தேடிக்கொண்டே இருப்பார். என்றாவது கூச்சமில்லாத ஒருவர் கிடைத்துவிடுவார். ஆகவே பாதையே இல்லாமல் போக வேண்டும். இன்னும் சில குதிரைகள் போதும். ஆனால் குதிரை வேண்டுமென்றால் நேர்த்திக்கடன் வேண்டும். நேர்த்திக்கடன் வேண்டுமென்றால் துன்பம் வேண்டும். அந்த ஆண்டு ஊரில் அனைவரும் நலமாக இருந்தார்கள்.

கண்ணாத்தாளின் பசுவிலிருந்து தொடங்கினேன். நேர்ந்துகொள்வதில் அவள் தாராள மனம் கொண்டவள். பசுவைக் கண்மாயின் மறுகரைக்கு ஓட்டிச் சென்று நிழலில் கட்டினேன். வைக்கோலும் தண்ணீரும் வைத்தேன். தன் வீட்டில் இருந்ததைவிட அது வசதியாகவே இருந்தது. கண்ணாத்தாள் அழுதாள், நேர்ந்தாள், பசு கிடைத்தது, குதிரை வந்தது. எவருக்கும் நட்டமில்லை.

அடுத்தும் கண்ணாத்தாள்தான். வீட்டு வரி தொடர்பான சாதாரண அறிவிப்பு ஒன்றை என்னிடம் நீட்டினாள். அவள் வீடு நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பதாகவும், இடிக்கப்போவதாகவும் அதில் எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னேன். சில நாள் சென்று நானே அலுவலகம் வரையில் போய்ப் பேசிச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னேன். அவள் என் காலில் விழ வந்தாள். நான் தடுத்துவிட்டேன், அப்படிப்பட்ட மரியாதைகளை நான் ஏற்பதில்லை. அந்த நாட்களில் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பிரகதாம்பாள் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து குழம்பு கொடுத்தனுப்பினோம். அவளுடைய இரண்டாவது குதிரையும் வந்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ஒரு கீரி குடியேறியது. பாம்பிடமிருந்து வீட்டைக் காப்பதாக வாக்குக் கொடுத்தது. பாம்பு வரவேயில்லை. வீட்டுக்காரி மெல்ல மெல்லக் கீரியை மறந்தாள். அவள் மறந்துபோனால், பாம்பு வரும் நாளில் தன்னை வீட்டில் வைத்திருக்க மாட்டாளே என்று கீரி கவலைப்பட்டது. ஆகவே ஒரு கயிற்றை இழுத்து வந்து முற்றத்தில் போட்டு, அதோடு கட்டிப் புரண்டு சண்டையிட்டது. வீட்டுக்காரி ஓடிவந்து கீரிக்குப் பால் வைத்தாள். நல்ல நோக்கத்துக்குச் சிறிது நாடகம் தேவைப்படும் என்பது இக்கதையின் கருத்து. இதைப் பெஞ்சில் ஒருநாள் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். அய்யாக்கண்ணு மட்டும் கேட்டார்:

"அது எந்தக் கயிறு, வாத்தியாரே?"

"ஏதோ ஒரு கயிறு."

"வீட்டுல கெடக்குறது கெணத்துக் கயிறுதானே. கீரி கடிச்சு வச்சிட்டா, அந்தப் பொம்பள தண்ணி எறைக்க என்ன செஞ்சா?"

கதைக்குள் அதெல்லாம் வராது என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

பாதையில் இன்னும் ஒரு லாரி நுழையும் இடம் மிச்சம் இருந்தது. சிறு குதிரைகளால் அது அடையாது. ஆளுயரக் குதிரை வேண்டும். அப்போது அய்யாக்கண்ணு, ஒரு கல்யாண வீட்டில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு வயிற்றுவலி கண்டு, புதுக்கோட்டைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவந்தார். அறிக்கையை என் மடியில் போட்டு, "உள்ள எத்தன வடை கெடக்குன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார். எல்லா உறுப்புகளும் இயல்பாக இருப்பதாக அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அய்யாக்கண்ணு எதையும் சிறிதாகச் செய்யாதவர். சிரித்தால் ஊர் கேட்கும். நேர்ந்தால் குதிரை பெரிதாக இருக்கும்.

ஈரலில் ஒரு நிழல் தெரிகிறது என்று சொன்னேன்.

நிழல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றும் நிறைவு உண்டு. புற்று என்று சொல்லியிருந்தால் பயந்துபோயிருப்பார். ஒரு மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம், அதுவரை நாட்டு மருந்து எதையும் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். கண்ட மருந்தைத் தின்று உடம்புக்குக் கெடுதல் தேடிக்கொள்ளக் கூடாது அல்லவா.

அந்த மாதத்தில் நிகழ்ந்த நன்மைகளை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாகப்பிரிவினைக்குப் பிறகு முகம் பார்க்காத தம்பி வீட்டுக்கு அய்யாக்கண்ணு தாமாகவே போய் உட்கார்ந்து சாப்பிட்டார். மகளைத் திருக்கோகர்ணத்திலிருந்து வரவழைத்துப் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். புகையிலையை விட்டார். பேச்சு சற்றுக் குறைந்தது. ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று, "நான் எதாச்சும் தப்பாப் பேசிருந்தா மனசுல வச்சுக்காதீங்க, வாத்தியாரே" என்றார். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அய்யனாருக்கு ஆளுயரக் குதிரை வைப்பதாக நேர்ந்து, இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று பிடிமண்ணும் கொடுத்துவிட்டதைச் சொன்னார். நல்லது என்றேன்.

காளைகளை விற்றுவிட்டதையும் அப்போதுதான் சொன்னார். "நான் போனப்பறம் இதுகளோட பேசுறதுக்கு ஆரு இருக்கா? அதான் ஏவாரிகிட்ட குடுத்துட்டேன்." அது என் திட்டத்தில் இல்லாதது. உண்மையைச் சொல்லிவிட ஒரு கணம் வாய் எடுத்தேன். ஆனால் வேளார் அப்போதுதான் குதிரையின் கால்களை முடித்திருந்தார்.

மாதம் முடிந்ததும் நானே உடன் சென்று, வேறொரு நிலையத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கவைத்தேன். இம்முறை அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே படித்தேன். அய்யாக்கண்ணு என்னைத் தூக்கிச் சுற்றினார். பேருந்தில் வந்த அத்தனை பேருக்கும் முட்டை மாஸ் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்த மகிழ்ச்சியும் நான் கொடுத்ததுதான் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

குதிரை வந்தது. கண் திறந்தது. லாரி வழி அடைந்தது. ஆனந்தராஜின் ஆட்கள் வெட்டுக் கத்திகளோடு வந்து, பார்த்து, வெட்டினாலும் ஏற்றிப் போக வழியில்லை என்று திரும்பினார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. சரிவில் பெய்தது கண்மாய்க்கு வந்தது. கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தது. ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கெண்டை மீன் பிடித்தது. எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மீன்தான்.

அய்யாக்கண்ணு நன்றி மறவாதவர். அதுதான் என் கணக்கில் நான் விட்ட இடம். முதலில் பார்த்த மருத்துவருக்கு ஒரு வாழைத்தார் கொடுத்து வருவதாகப் புறப்பட்டுப் போனார். மாலையில் அதே வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் இறக்கிவைத்தார்.

"மொதத் தடவையே ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்றாரு, வாத்தியாரே."

"ஆமாம்" என்றேன்.

"இங்கிலீஷு வெளங்காமப் படிச்சுப்புட்டீங்களா?"

விளங்கியது என்று சொல்லி, காரணத்தையும் எடுத்துச் சொன்னேன். காடு, வரத்து, வரப்பு, குதிரை எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு பாடம் போலச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் எழுந்தார்.

"என் மாட்டக் குடு" என்றார்.

நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊர் கூடியது. பசுவும் வரி அறிவிப்பும் வெளியே வந்தன. செய்தி ஆனந்தராஜின் காதுக்கு எட்டியது. ஏமாற்றி நேரவைத்த குதிரைகள் செல்லாது, கிரேன் கொண்டுவந்து அகற்றப்போகிறேன் என்று வந்து நின்றார். உண்மையைச் சொன்னால் காடு போய்விடும் என்றுதான் அத்தனை நாளும் நான் வாய் திறக்காமல் இருந்தேன். என் அச்சம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாத்தாள் தன் இரண்டு குதிரைகளுக்கும் முன்னால் போய் நின்றாள்.

"நான் என்ன வாத்தியாருக்கா குதுர நேர்ந்தேன்? சாமிக்கு நேர்ந்தேன். கண்ணு தெறந்தாச்சு. அங்கிட்டு நின்னு பேசுய்யா."

அய்யாக்கண்ணு ஆனந்தராஜின் தோளில் கை போட்டார். "பொய் சொன்னது வாத்தியாரு, தம்பி. பயந்தது நெசம். வேண்டுனது நெசம். குதுரயும் நெசம். எதத் தூக்கப் போறீங்க?"

கிரேன் வரவில்லை, புகார் வந்தது. அய்யாக்கண்ணு சொன்னது, நான் படித்த தத்துவங்களில் எதிலும் இல்லாத வாதம். எனக்கு அது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்தான். உண்மையை முதல் நாளே ஊரில் சொல்லி, ஆளுக்கொரு குதிரை கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு வைத்திருப்பார்கள் என்று அழகம்மாள் சொல்கிறாள். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது காகிதங்களை எவரும் என்னிடம் கொண்டுவருவதில்லை. கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் கலைமதி என்ற பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். நன்றாகவே படிக்கிறாள். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன மகிழ்ச்சி வேண்டும்? நான் பொறையை மட்டும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறேன். சில நாட்களில் அது குவளைக்குள் விழுந்துவிடுகிறது.

காளைகளைத் தேடிப் போனேன். கைப்பேசியில் அவற்றின் படத்தை வைத்துக்கொண்டு சந்தை சந்தையாகக் கேட்டேன். செவலை அன்னவாசல் பக்கத்தில் ஒருவர் தொழுவில் கிடைத்தது. அவர் காலில் விழுந்து கேட்டு வாங்கிவந்தேன். இவ்வகை மரியாதைகளைச் செய்வதும் எனக்குப் புதிது. மயிலை ஒரு லாரியில் கேரளத்துக்குப் போய்விட்டது. அந்த லாரிகளில் போகும் மாடுகளை அங்கே ஏரில் பூட்டுவதில்லை என்பது உங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் தெரிந்ததுதான். செவலையை அய்யாக்கண்ணுவின் தொழுவில் கட்டியபோது அது பக்கத்துக் காலி இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றது. அய்யாக்கண்ணு அதனிடம் ஏதோ பேசினார். என்னிடம் பேசவில்லை.

அன்றைக்குத்தான் கீரி கடித்த அந்தக் கயிறு எந்தக் கயிறு என்பது எனக்குப் புரிந்தது.

கோயிலுக்குப் போய், ஒரு பிடி மண் அள்ளி, வேளாரிடம் கொடுத்தேன். என் வாழ்நாளில் முதல் பிடிமண். குதிரை அன்று, காளை வேண்டும் என்றேன், மயிலை நிறத்தில். இன்று காலையில் அதைக் கொண்டுவந்தோம். என் முதுகுவலியைப் பொருட்படுத்தாமல் நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் தோள் கொடுத்தவர் அய்யாக்கண்ணு. அவர்தான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். இவரைத் தனியா விட்டா வேற எதயாச்சும் படிச்சுச் சொல்லிருவாரு என்று என்னோடு வந்திருக்கிறார். ஆக, மறுபடியும் பன்மைக்கு வந்துவிட்டார். அதுவே எனக்குப் போதும்.

ஆகவே முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பசுவை ஒளித்தவன் நான். கண்ணாத்தாளின் அடுப்பை அணைத்தவன் நான். நலமாக இருந்த நண்பனை ஒரு மாதம் சாகவைத்தவன் நான். ஒரு காளையின் உயிர் என் கணக்கில் இருக்கிறது. நீங்கள் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டாலும் கையெழுத்திடுகிறேன்.

காளையை எங்கே நிறுத்துவது என்று வேளார் கேட்டார். தம் குதிரைக்கு வலப்பக்கம் நிற்கட்டும் என்றார் அய்யாக்கண்ணு. சற்றே இடப்பக்கமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்றேன் நான். அவர் அந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஊர் கேட்கச் சிரித்துவிட்டு, காளையை இடப்பக்கமே நகர்த்திவைத்தார். வேளார் துணியை அவிழ்த்துக் கண் திறந்தார். நான் மனமாரக் கும்பிட்டேன். அது முழுக்க முழுக்க மயிலைக்காகச் செய்த பரிகாரம். அந்த இடத்தில் ஒரு டிராக்டர் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது தற்செயல்தான், அம்மா. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.